‘நாங்கள் செய்தோம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்: முதல் நேர்காணலுக்கும் முதல் வேலைக்கும் ஒரு வழிகாட்டி

கல்லூரி முடித்து வரும் மாணவர்களை வேலைக்குத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தபோது, ஒரே ஒரு சொல் பலருடைய வாய்ப்பைக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் ‘நாங்கள்’. இறுதியாண்டு புராஜெக்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், “நாங்கள் ஒரு செயலி உருவாக்கினோம், நாங்கள் அதைச் சோதித்தோம், எங்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது” என்று பதில் வரும். நால்வர் சேர்ந்து செய்த வேலையில் எதிரே இருப்பவரின் பங்கு எது என்பது கடைசிவரை விளங்காது. அப்படிப் பேசிவிட்டுக் குறைந்த மதிப்பெண்ணோடு வெளியே போன ஒரு மாணவிதான் அந்தச் செயலியின் பெரும்பகுதியை எழுதியவர் என்பது, அதே புராஜெக்டில் இருந்த இன்னொரு மாணவர் உள்ளே வந்து பேசிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் அவருடைய மதிப்பெண் தாள் மேலே போய்விட்டது.

அந்த மாணவியின் பேச்சில் தவறான சொல் ஒன்றும் இல்லை; தன்னைத் தானே புகழக் கூடாது என்று வீட்டிலும் பள்ளியிலும் கற்றதை அவர் கடைப்பிடித்தார். ஆனால் அந்த விதியைச் சொல்லும் நன்னூலே அதற்கு விலக்கையும் சொல்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். தற்புகழ்ச்சி தகாது என்று கூறிய பவணந்தி முனிவர், அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி தன்னைப் பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்று நான்கு இடங்களைக் குறிக்கிறார். வேலைக்கு அனுப்பும் விண்ணப்பம் முதல் இடத்திலும், நேர்காணல் அறை இரண்டாவது இடத்திலும் அப்படியே அடங்கும். எனவே உங்கள் திறமையை எடுத்துச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். எதை, எவ்வளவு, எந்தச் சான்றோடு சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும்.

படி 1: என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிறர் மனத்தில் தன்னைப் பற்றி எப்படிப்பட்ட மதிப்பு பதிய வேண்டும் என்று பார்த்து ஒருவர் பேச்சையும் நடத்தையையும் அமைத்துக்கொள்வதை, கனடாவில் பிறந்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1950களில் விரிவாக எழுதினார். ஷெட்லாந்துத் தீவுகளில் தங்கி ஆய்வு செய்த அவர், அங்கிருந்த விடுதியில் சமையலறைக்குள் ஒரு விதமாகவும் விருந்தினர் முன் வேறு விதமாகவும் பணியாளர்கள் நடந்துகொள்வதைக் கவனித்து, மேடைக்கு முன்புறமும் பின்புறமும் இருப்பதுபோல அன்றாட வாழ்விலும் உண்டு என்றார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகும்போது நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொள்ளும் அம்மா யாரையும் ஏமாற்றுவதில்லை.

1982-இல் எட்வர்ட் ஜோன்ஸ், தேன் பிட்மன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இந்த வழிகளை ஐந்தாகப் பிரித்தார்கள். பிடித்தமானவராகத் தோன்ற இன்சொல்லும் இசைவும் காட்டுவது ஒன்று. திறமைசாலியாகத் தோன்றத் தன் சாதனைகளை எடுத்துச் சொல்வது மற்றொன்று. அர்ப்பணிப்புள்ளவராகத் தோன்ற மற்றவர்களுக்கு முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் வீட்டுக்குப் போவது மூன்றாவது. அஞ்சத்தக்கவராகத் தோன்ற மிரட்டுவது நான்காவது. இரக்கத்துக்குரியவராகத் தோன்றி உதவி பெறுவது ஐந்தாவது. ஒவ்வொன்றிலும் ஆபத்து உண்டு என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள்: அளவு மீறினால் இன்சொல் கூழைக்கும்பிடாகவும், சாதனைப் பேச்சு வீண் பெருமையாகவும், அர்ப்பணிப்பு வேஷமாகவும் தெரியும். புதிதாக வேலை தேடுவோருக்கு முதல் இரண்டும் போதும். நேர்காணலில் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி வேலை கேட்பது ஐந்தாவது வழி. உண்மையான கஷ்டமாகவே இருந்தாலும், கேட்பவருக்கு மனம் இளகுமே தவிர மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

படி 2: எந்த வகை நேர்காணல் என்று பாருங்கள்

எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களுக்கு முன்கூட்டியே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் போடும் நேர்காணல் ஒரு வகை; மேலாளர் மனம் போனபடி பேசிப் பார்க்கும் நேர்காணல் இன்னொரு வகை. வேலையில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்பதை முதல் வகைதான் நன்றாக முன்னறிகிறது என்பது பல பத்தாண்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. சிரிப்பும் சாமர்த்தியமும் செல்லுபடியாவது இரண்டாவது வகையில்தான். இப்படிப்பட்ட பாரபட்சத்துக்கும் ஊழலுக்கும் இடம் தரக் கூடாது என்று கூறித்தான் மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி, குரூப் டி பதவிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பதவிகளுக்கும் நேர்காணலையே நீக்கியது.

பெரிய நிறுவனங்களின் தொழில்நுட்பச் சுற்று பெரும்பாலும் முதல் வகையைச் சேரும். எதிரே இருப்பவர் நீங்கள் பேசப் பேச எழுதிக்கொண்டிருந்தால் அதை உணரலாம். அப்போது சுருக்கமும் தெளிவும் உங்களுக்கு உதவும், ஏனெனில் அவர் எழுதிக்கொள்ள ஏதாவது கொடுக்க வேண்டும். முதலாளியே நேரில் பேசும் சிறு நிறுவனங்களில் பேச்சு ஊர், கல்லூரி, கிரிக்கெட் என்று சுற்றிவரும்; அங்கே அந்தச் சுற்றையும் பொறுமையாகச் சுற்றிவிட்டு, கிடைக்கும் முதல் இடைவெளியில் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

படி 3: ஆறு சம்பவங்களைத் தாளில் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் சொந்தக் கையால் செய்த ஆறு காரியங்களை நினைவுக்குக் கொண்டுவந்து, நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன என்று ஒவ்வொன்றையும் நான்கு வரிகளில் எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரி விழாவுக்குக் கணக்கு பார்த்தது, அப்பாவின் கடையில் சரக்குப் பட்டியலை எக்செல் தாளுக்கு மாற்றியது, பகுதிநேரமாக டெலிவரி வேலை பார்த்தது ஆகிய எல்லாம் இதில் சேரும். ஆறில் ஒன்றாவது நீங்கள் தவறு செய்து பிறகு திருத்திக்கொண்டதாக இருக்கட்டும். தோல்வியைப் பற்றிய கேள்வி தவறாமல் வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் பயிற்சி பெற்ற டிப்ளமோ மாணவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். பயிற்சியில் என்ன கற்றீர்கள் என்ற கேள்விக்கு, “சி.என்.சி. லேத் பற்றிக் கற்றேன், தரக் கட்டுப்பாடு பற்றிக் கற்றேன், குழுவாக வேலை செய்யக் கற்றேன்” என்று அவர் சொன்னால், அதே பதிலை முன்னே வந்த பத்துப் பேரும் சொல்லியிருப்பார்கள். அவரே இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்: “காலையில் கடையும் முதல் சில ஷாஃப்டுகள் அளவு மாறிக் கழிவாகிக்கொண்டிருந்தன. அளவெடுத்து எழுதிவைப்பது என் வேலை. நான் மூன்று நாள் ஒவ்வொரு துண்டையும் மைக்ரோமீட்டரில் அளந்து, நேரத்தோடு குறித்து வந்தேன். இயந்திரம் சூடேறிய பிறகு அளவு நிலைப்படுவது அந்தக் குறிப்பில் தெரிந்தது. சூப்பர்வைசரிடம் காட்டினேன், காலையில் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கும்படி அவர் மாற்றினார். அதன் பிறகு காலைக் கழிவு பெரும்பாலும் நின்றுவிட்டது.”

இரண்டாவது பதிலில் ‘நான் திறமைசாலி’ என்ற சொல் எங்கும் இல்லை. முடிவெடுத்தவர் சூப்பர்வைசர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் பொறுமை, அளவெடுக்கும் ஒழுங்கு, காரணம் தேடும் குணம், மேலே கொண்டுபோய்ச் சொல்லும் துணிவு ஆகிய நான்கையும் கேட்பவர் தாமாகவே எழுதிக்கொள்வார். பிறர் சொல்லிக் கேட்பதைவிடத் தானே கண்டுகொண்ட முடிவைத்தான் மனிதர்கள் அதிகம் நம்புகிறார்கள்.

குழுவாகச் செய்ததைக் குழுவாகவே சொல்லலாம். “நால்வர் சேர்ந்து செய்தோம், அதில் தரவுத்தளப் பகுதி முழுவதையும் நான் எழுதினேன்” என்று ஒரு வாக்கியத்தில் ‘நாங்கள்’, அடுத்ததில் ‘நான்’ என்று வைத்துக்கொண்டால் நன்றியும் கெடாது, உங்கள் பங்கும் மறையாது.

படி 4: பொய்யின் எல்லையை வீட்டிலேயே வகுத்துக்கொள்ளுங்கள்

யூலியா லெவாஷினா, மைக்கேல் கேம்பியன் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பட்டப்படிப்பு மாணவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நேர்காணலில் ஏதோ ஒரு வகையில் மிகைப்படுத்திப் பேசியதாக ஒப்புக்கொண்டார்கள்; அப்பட்டமான பொய்க்கு நெருங்கிய வகைகளில் மட்டும் அந்த அளவு 28 முதல் 75 சதவீதம் வரை இருந்தது. ஆக, நிறம் கூட்டிச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். அறைக்குள் பதற்றத்தில் இருக்கும்போது எல்லையைத் தேடக் கூடாது. முன்னாலேயே வகுத்திருக்க வேண்டும்.

நான் வைத்திருக்கும் சோதனை எளிது. சொல்லப்போகும் வாக்கியத்தை உங்கள் பழைய மேலாளரோ பேராசிரியரோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் சொல்வீர்களா? சொல்வீர்கள் என்றால் அது எடுத்துரைத்தல். குரல் தடுமாறும் என்றால் அது பொய். ரெஸ்யூமேயில் பத்து மென்பொருள் பெயர்களை அடுக்குவதைவிட, உண்மையில் கைவைத்த மூன்றை மட்டும் எழுதி, ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி சேர்ப்பது பாதுகாப்பானது. எழுதிய ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்விக்கான அழைப்பு.

போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் கன்சல்டன்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வருங்கால வைப்பு நிதியில் சேரும் ஒவ்வொருவருக்கும் 12 இலக்க யூ.ஏ.என். எண் உண்டு; எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்ற வரலாறு அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் நிறுவனங்கள் அதைத்தான் கேட்கின்றன. சரிபார்ப்பு பல நேரங்களில் வேலையில் சேர்ந்த பிறகுதான் முடிகிறது என்பதால், பிடிபடுகிறவர் ஆஃபரை மட்டும் இழப்பதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் வேலையையே இழக்கிறார். படிப்புக்கும் வேலைக்கும் இடையில் ஓராண்டு இடைவெளி இருந்தால் இருக்கட்டும். “அரசுத் தேர்வுக்குப் படித்தேன், கிடைக்கவில்லை, இப்போது இந்தத் துறைக்கு வருகிறேன்” என்று நேராகச் சொன்னால் தமிழ்நாட்டில் எந்தக் குழுவுக்கும் அது புரியும். குழுவில் இருப்பவர்களில் ஒருவரே அப்படிப் படித்தவராக இருக்கலாம்.

படி 5: நேர்காணல் நாள்

உடை, நேரம், கோப்பு ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவைதான். இஸ்திரி போட்ட சட்டை போதும், புதுச் சட்டை தேவையில்லை. இணையவழி என்றால் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

பேச்சுக்கு வருவோம். “மைசெல்ஃப்” என்று தொடங்கும் மனப்பாடச் சுய அறிமுகத்தை விட்டுவிடுங்கள். கடின உழைப்பாளி, நேர்மறைச் சிந்தனையாளர், விரைவில் கற்றுக்கொள்பவர் என்ற வரிசையைக் கேட்டுக் கேட்டுக் குழுவினருக்குக் காது மரத்துப்போயிருக்கும். பலவீனம் எது என்ற கேள்விக்கு, “எதையும் முழு நேர்த்தியாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் என் பலவீனம்” என்பதும் அப்படியே. உண்மையான, வேலைக்குத் தடையாகாத ஒரு குறையைச் சொல்லி, அதற்கு இப்போது என்ன செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்: “கூட்டத்தில் சட்டென்று பேச வராது; அதனால் முந்தைய நாளே மூன்று குறிப்பு எழுதிக்கொண்டு போவேன்.”

தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள். வேகமாகப் பேச முயன்று பாதியில் திணறுவதைவிட, சிறு வாக்கியங்களாக நிதானமாகப் பேசுவது நல்லது. ஒரு சொல் வரவில்லை என்றால் அதைத் தமிழில் சொல்லலாமா என்று கேட்கலாம். எதிரே தமிழர் இருந்தால் பெரும்பாலும் தலையசைப்பார். திருநெல்வேலிப் பேச்சையோ கொங்குப் பேச்சையோ மறைத்துச் சென்னைப் பேச்சைப் போட்டுக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பாவனையைக் காப்பாற்றுவதிலேயே பாதிக் கவனம் போய்விடும்.

விடை தெரியாத கேள்வி வந்தால், தெரிந்த பகுதி எது, தெரியாத பகுதி எது, தெரிந்துகொள்ள எங்கே தேடுவீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். நான் உட்கார்ந்த குழுக்களில் இப்படிச் சொன்னவர்களுக்கு மதிப்பெண் குறைந்ததைவிடக் கூடியதே அதிகம். குழுவினரைப் புகழ வேண்டாம். அவர்கள் செய்யும் வேலையைப் பற்றி ஓர் உண்மையான கேள்வி கேளுங்கள். “புதிதாகச் சேர்பவருக்கு முதல் மாதத்தில் எந்த வேலை கொடுப்பீர்கள்?” என்ற கேள்வி எந்தப் பாராட்டையும்விட நன்றாக வேலை செய்யும்.

சங்கடமான கேள்விகளும் வரும். சொந்த ஊர் எது என்று தொடங்கி எந்தத் தெரு, அப்பாவின் முழுப்பெயர் என்ன என்று போகும் விசாரணை சில இடங்களில் சாதியைத் தேடிப் போகும் வழி என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பெண்களிடம் எப்போது திருமணம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்பவர்தான் வெட்கப்பட வேண்டும், நீங்கள் அல்ல. “ஊர் சங்கரன்கோவில் பக்கம், படித்தது முழுவதும் திருநெல்வேலியில்” என்று ஒரு வரியில் முடித்து, “இந்த வேலைக்கு இடம் மாறி வரவும் ஷிஃப்ட் பார்க்கவும் தயாராக இருக்கிறேன்” என்று பேச்சை வேலைக்கே திருப்பிவிடலாம். அதற்கு மேலும் அதே கேள்வி தொடர்ந்தால், அந்த இடத்தைப் பற்றி நீங்களும் ஒரு முடிவுக்கு வரலாம். நேர்காணல் என்பது இருபக்கமும் பார்க்கும் சம்பந்தம்தான்.

படி 6: வேலையில் சேர்ந்த பிறகு

நேர்காணலில் அரை மணி நேரம் காட்டிய முகத்தை அலுவலகத்தில் நாள் முழுவதும் காட்ட முடியாது. இங்கே மதிப்பு உருவாவது பேச்சினால் அல்ல, நீங்கள் தகவல் சொல்லும் பழக்கத்தினால். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வேலை தேங்கிவிட்டதை மறைப்பது. திங்கட்கிழமை தெரிந்த சிக்கலை வெள்ளிக்கிழமை மாலை சொன்னால், சிக்கலைவிட அந்த நான்கு நாள் மௌனத்தைத்தான் மேலாளர் நினைவில் வைத்திருப்பார். “போய்க்கொண்டிருக்கிறது சார்” என்பதை விட்டுவிட்டு, “மூன்றில் இரண்டு முடிந்தது, மூன்றாவதில் பழைய கோப்பு கிடைக்கவில்லை, இன்று மதியத்துக்குள் கிடைக்காவிட்டால் உங்கள் உதவி வேண்டும்” என்று சொல்லிப் பழகுங்கள்.

உதவி கேட்பதற்கும் முறை உண்டு. கேட்கும் முன் நீங்கள் முயன்று பார்த்த இரண்டு வழிகளைச் சொல்லிவிட்டுக் கேட்டால் உழைப்பாளி என்று பெயர் வரும். ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டால் வேறு பெயர் வரும். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் கிளம்பும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் பரவலாக உண்டு. வேலை இருந்தால் இருங்கள். வேலை இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். மேலாளருக்குத் தெரிய ஒரு மாதம் ஆகலாம்.

அடுத்தது, மேலே குனிந்து கீழே மிதிப்பது. நெதர்லாந்து உளவியலாளர் ரூஸ் ஃபாங்க் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மேலதிகாரிகளிடம் இனிமையாகவும் கீழே இருப்பவர்களிடம் கடுமையாகவும் நடந்துகொள்பவரைப் பற்றிப் படித்தவர்கள் அவரை மிகவும் வெறுத்தார்கள். வெளியாளாக இருந்து பார்ப்பவர்களுக்கும் அந்த முரண் உடனே கண்ணில் பட்டது. காவலாளி, தேநீர் கொண்டுவரும் அக்கா, கேப் ஓட்டும் அண்ணன் ஆகியோரிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைப் பார்ப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் சிடுசிடுத்துவிட்டு உள்ளே வந்து புன்னகைத்த ஒருவரை நாங்களே நிராகரித்திருக்கிறோம். அவர் போன பிறகு அந்தப் பெண் சொன்ன ஒரே வாக்கியம் போதுமானதாக இருந்தது.

பாராட்டு வரும்போது உதவியவர் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் வேலையை வேறொருவர் தன் வேலையாகச் சொல்லிவிட்டால், கூட்டத்தில் சண்டையிடாமல், “அந்தப் பகுதியை நான் எழுதியபோது கவனித்த ஒன்றைச் சேர்க்கிறேன்” என்று ஒரு தகவலோடு நுழையுங்கள். அவையில் வாதிட வேண்டிய பொழுது என்று நன்னூல் சொன்ன மூன்றாம் இடம் இதுதான்.

படி 7: வெள்ளிக்கிழமை மூன்று வரிகள்

ஆண்டு இறுதியில் அப்ரைசல் படிவம் வரும்போது, என்ன செய்தோம் என்று பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது கடைசி இரண்டு மாதங்கள்தான், மேலாளருக்கும் அப்படித்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அந்த வாரம் முடித்தது, அதனால் யாருக்கு என்ன பயன், எண்ணில் சொல்ல முடிந்தால் எவ்வளவு என்று மூன்று வரிகள் எழுதிவையுங்கள். அலுவலக ரகசியங்களையும் வாடிக்கையாளர் பெயர்களையும் அதில் எழுதக் கூடாது. ஆண்டு முடிவில் அந்த நூற்றைம்பது வரிகளிலிருந்து ஐந்தை எடுத்துப் படிவத்தில் போட்டால், கூச்சப்படும் சுபாவம் உள்ளவருக்கும் எழுதுவது எளிதாகிவிடும், ஏனெனில் பேசுவது நீங்கள் அல்ல, உங்கள் குறிப்பு.

வேலையை விடும் நாள் வந்தால் நோட்டீஸ் காலத்தை முழுமையாகப் பாருங்கள். புதிய நிறுவனம் விசாரிக்கும்போது உங்களைப் பற்றி நினைவில் நிற்பது கடைசி மாதம்தான். எந்த வேலை எந்த நிலையில் நிற்கிறது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி, உங்கள் இடத்துக்கு வருபவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து காட்டிவிட்டு, ரிலீவிங் லெட்டரை அன்றே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.